புரொபேஷன் பையன்களுக்குச் சாயங்கால வாலிபால்: மனுவில் கையெழுத்துப் போடலாமா?

வாலிபால் வாத்தியார் (எருத்தேம்பதி):
நம்ம பாலக்காடு மாவட்டம் சித்தூர் தாலுகா கிழக்குப் பக்கத்தில், அடிதடி, சில்லறைத் திருட்டு மாதிரி கேஸில் கோர்ட் ஜெயிலுக்கு அனுப்பாமல் புரொபேஷனில் விட்ட ஆட்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். 1958-ம் வருஷத்துப் புரொபேஷன் சட்டப்படி, அதிகபட்சம் மூன்று வருஷத்துக்கு நன்னடத்தை பாண்டு எழுதிக் கொடுத்துவிட்டு வீட்டோடு இருக்கலாம். எழுதிக் கொடுத்ததோடு சரி, அப்புறம் அவர்களை யார் பார்க்கிறார்கள்? ஆறு மணிக்குக் கூலி கைக்கு வரும். எட்டு மணி வரை கள்ளு ஷாப்பு. பழைய கூட்டாளிகளும் அங்கேதான். நான் பார்த்த வரையில் சண்டை கிளம்புவது இந்த நேரத்தில்தான். அந்த நேரத்துக்கு ஒரு நெட் கட்டி, இரண்டு லைட்டுப் போட்டு ஆட வைப்போம். ஞாயிற்றுக்கிழமை பெண்டாட்டி பிள்ளைகளும் வரட்டும், உடல்நலம், குடும்ப நலம் இரண்டுக்கும் நல்லது. தினமும் வருகைப் பதிவு எடுத்து, அதை பாண்டில் ஒரு நிபந்தனையாகவே சேர்க்கச் சொல்லி புரொபேஷன் ஆபீஸில் மனு கொடுக்கப் போகிறேன். யார் யார் கையெழுத்துப் போடுகிறீர்கள்?

கோபாலபுரம் வாசி:
நான் போட மாட்டேன். என் தம்பியை அடித்தவன் இன்று புரொபேஷனில் இருக்கிறான். தம்பிக்கு வலது மணிக்கட்டு இன்னும் முழுசாக மடங்கவில்லை. சாப்பாட்டை இடது கையால் ஸ்பூனில் எடுத்துச் சாப்பிடுகிறான், மம்பட்டி பிடிக்க முடியாததால் வேலையும் போய்விட்டது. அதே சட்டத்தில், புரொபேஷனில் விடும்போதே பாதிக்கப்பட்டவனுக்கு நஷ்டஈடு கொடுக்கச் சொல்லவும் கோர்ட்டுக்கு அதிகாரம் இருக்கிறது. உங்கள் மனுவில் அதைப் பற்றி ஒரு வரி உண்டா வாத்தியாரே? அடித்தவனுடைய உடல்நலத்துக்கு லைட்டுப் போடுகிறீர்கள். அடிபட்டவன் வீட்டுப் பக்கம் யாரும் எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

தென்னந்தோப்பு:
வாத்தியார் அண்ணா, நானே புரொபேஷனில் இருக்கிறவன். காலையும் சாயங்காலமும் மரம் ஏறிக் கள் இறக்குகிறேன். உடம்பு அசையாததால் வந்த வினை இல்லை என்னுடையது. நீங்கள் சொல்கிற ஆறு மணிக்கு நான் மரத்து மேலே இருப்பேன். பொள்ளாச்சிப் பக்கம் வேலைக்குப் போகிறவன் பஸ் இறங்கவே ஏழரை ஆகும். இது ஒன்று. இன்னொன்று, அந்த நெட்டுக்கு இரண்டு பக்கமும் நிற்கிறவன் எல்லாம் கேஸ்காரன் என்று ஊருக்கே தெரிந்துவிடும். என் மகள் அந்த வழியாகத்தான் ட்யூஷன் போகிறாள். புரொபேஷனில் விட்டவனுக்குத் தண்டனையால் வருகிற தகுதிக்கேடு எதுவும் கிடையாது என்று சட்டம் சொல்வதாக ஆபீஸர் எனக்கு விளக்கிச் சொன்னார். நீங்கள் லைட்டுப் போட்டுக் காட்டாதீர்கள்.

கோபாலபுரம் அண்ணனுக்கு: உங்கள் தம்பி கேஸ் என்னுடையது இல்லை. ஆனாலும் படித்துவிட்டு ரொம்ப நேரம் பதில் எழுத முடியவில்லை.

வேலந்தாவளம் அக்கா:
ஆம்பளைகள் பேசி முடித்தாயிற்றா? குடும்ப நலம் என்று போட்டிருக்கிறீர்களே, குடும்பத்தில் யாரிடமாவது கேட்டீர்களா? நம்ம பக்கம் மழை குறைவு, கோடையில் தண்ணீர் பாடு எல்லோருக்கும் தெரியும். குழாயில் தண்ணீர் வருகிற சாயங்காலம் அவர் கிரவுண்டுக்குப் போய்விட்டால் குடம் தூக்குவது யார்? ஞாயிற்றுக்கிழமை நாங்கள் வந்து ஓரமாக உட்கார்ந்து கை தட்ட வேண்டும். அது எங்களுக்கு நலமா? மூட்டு வலி எங்களுக்கும் உண்டு. தூக்கம் இல்லாத ராத்திரி எங்களுக்குத்தான் அதிகம். முக்கியமாக ஒன்று கேளுங்கள். வீட்டுக்குள் கை நீட்டினவர் புரொபேஷனில் இருந்தால், ‘குடும்பத்தோடு வா’ என்று சொல்வதற்கு முன்னால் அந்தப் பெண்ணைத் தனியாக உட்கார வைத்து, அவளுக்கு வர விருப்பமா என்று கேட்க வேண்டும். அவரைத் திருத்துவதற்கு அவளைக் கருவியாக்காதீர்கள்.

கோர்ட்டுப் பக்கம்:
வாத்தியார் சார் நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறார், ஆனால் பாண்டில் சேர்ப்பது ஆபத்து. முதலில், ஆபீஸர் தானாக எதையும் சேர்க்க முடியாது. அவர் கோர்ட்டில் மனுப் போட வேண்டும், சம்பந்தப்பட்டவரையும் கேட்ட பிறகே கோர்ட் நிபந்தனையை மாற்றும். சரி, மாற்றியாயிற்று என்றே வைத்துக்கொள்வோம். நிபந்தனையை மீறினால் அதே 1958 சட்டத்தில் 9-ம் பிரிவு இருக்கிறது. முதல் தடவை 50 ரூபாய் வரை அபராதத்தோடு விடலாம், அல்லது பழைய குற்றத்துக்கே தண்டனை கொடுக்கலாம். தென்னந்தோப்பு அண்ணன் மரத்தில் இருந்ததால் ஆட்டத்துக்கு வரவில்லை என்று ஒரு பதிவு ஏறினால், அது எங்கே போய் முடியும் என்று யோசியுங்கள். குடிக்கக் கூடாது என்று நிபந்தனை போடச் சட்டமே வழி சொல்கிறது, அதில் அர்த்தம் இருக்கிறது. விளையாட்டை அந்த வரிசையில் சேர்த்தால் அதுவும் தண்டனையாகிவிடும்.

இன்னொரு விஷயம். நம்ம ஆட்கள் பலர் மலையாளத்தில் இருக்கிற பாண்டைப் படிக்காமலே கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். தமிழ்ச் சிறுபான்மைப் பகுதிகளில் அரசு அலுவலகத்துக்குத் தமிழிலேயே எழுதலாம், 1969-ம் வருஷத்துக் கேரள ஆட்சிமொழிச் சட்டம் அந்த உரிமையைக் கொடுத்திருக்கிறது. மனுவைத் தமிழில் எழுதுங்கள். நிபந்தனைகளைத் தமிழில் விளக்கிச் சொல்லும்படியும் அதிலேயே கேளுங்கள்.

வாலிபால் வாத்தியார்:
பாண்டு வரியை எடுத்துவிடுகிறேன். களத்தை விட மாட்டேன். தென்னந்தோப்பு தம்பி, உன் உடம்பு உழைப்பில் எனக்குச் சந்தேகமே இல்லை. உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்கு வாரம் 150 நிமிஷமாவது உடல் அசைவு வேண்டும் என்கிறது, நீ அதை ஒரே நாளில் முடித்துவிடுவாய். நான் கேட்பது வேறு. கூலியும் கேஸும் இல்லாத ஒரு பேச்சு, சர்வீஸ் போட்டால் “அருமைடா” என்று ஒரு குரல், இது உனக்கு எங்கே கிடைக்கிறது? கேஸ்காரன் என்று தெரியக் கூடாது என்றால் ஊர்ப் பையன்கள் எல்லோரும் ஆடட்டும், பதிவேடே வேண்டாம். ஏழரைக்கு மேல் தொடங்குவோம். பெண்களுக்குத் தனியாகக் கிரவுண்டு நேரம் ஒதுக்கச் சொல்லி எழுதுகிறேன், அந்த நேரம் பிள்ளைகளை ஆண்கள் பார்த்துக்கொள்ளட்டும்.

வேலந்தாவளம் அக்கா:
அந்தக் கடைசி வரியை மனுவில் அப்படியே போடுங்கள். குழாய்த் தண்ணீர் வராத நாளாகப் பாருங்கள்.

தென்னந்தோப்பு:
ஏழரை என்றால் வருகிறேன். ஆனால் மாசத்துக்கு ஒரு தடவை பாலக்காடு போய்வர ஒரு நாள் கூலி போகிறது. ஆபீஸர் கொழிஞ்சாம்பாறையில் ஒரு நாள் உட்கார்ந்தால் அதுவே எங்களுக்குப் பெரிய குடும்ப நலம். அதையும் சேருங்கள் அண்ணா.

கோபாலபுரம் வாசி:
எல்லாம் சேர்த்தீர்கள். நஷ்டஈடு இன்னும் சேரவில்லை. அதைக் கட்ட வழி சொல்லி உதவுவதும் புரொபேஷன் ஆபீஸரின் கடமைகளில் ஒன்று. பாக்கி வைத்திருப்பவனிடம் அதைப் பேச வேண்டும் என்றும், அடிபட்டவர்கள் வீட்டுக்கும் ஒரு தடவை வந்து பார்க்க வேண்டும் என்றும் எழுதுங்கள். அதுவரை என் கையெழுத்து கிடையாது.