ஸ்பிதி: மணாலி வழியா, சிம்லா வழியா? 9 நாள், கூட 63 வயது அப்பா

கோவை_வழிப்போக்கன்:

பையனுக்குக் காலாண்டு லீவு வரும்போது ஹிமாச்சலில் இருக்கிற ஸ்பிதி பள்ளத்தாக்கு போய்வரலாம் என்று இருக்கிறோம். நான், மனைவி, பையன், அப்பா என நாலு பேர். அப்பாவுக்கு 63 வயது, பிபி மாத்திரை சாப்பிடுகிறார், மற்றபடி தினமும் நாலு கிலோமீட்டர் நடக்கிற ஆள். நாங்கள் யாரும் இதுவரை ஊட்டியைத் தாண்டி மலை ஏறியதில்லை.

சண்டிகரில் தொடங்கி சண்டிகரில் முடிய 9 நாள். டிராவல்ஸ்காரர் போட்டுக்கொடுத்த திட்டம் இது: முதல் நாள் ராத்திரியே மணாலி, மறுநாள் நேராகச் சந்திரதால் ஏரியில் டென்ட், அதற்கு அடுத்த நாள் குன்சும் கணவாய் ஏறி காசா. அப்புறம் காசாவைச் சுற்றி இருக்கிற கீ பௌத்த மடம், கிப்பர், சிச்சம் பாலம், லாங்சா, ஹிக்கிம், கோமிக் எல்லாம் ஒரே நாளில். தங்கர், தாபோ என்ற இரண்டு பழைய மடங்களும் திரும்பும் வழியில் ஆளுக்கு அரை மணி நேரம். பிறகு கின்னௌர், சிம்லா வழியாகக் கீழே.

படித்தாலே மூச்சு வாங்குகிறது. இது சரிப்பட்டு வருமா, இல்லை எதையாவது வெட்ட வேண்டுமா? (காசா என்றதும் அம்மா பதறிவிட்டார், செய்தியில் வருகிற ஊர் இது இல்லை என்று வரைபடத்தைக் காட்டி விளக்க வேண்டியதாகிவிட்டது.)

மலைக்கிறுக்கன்:

திட்டத்தில் இடங்களெல்லாம் சரிதான், திசைதான் தலைகீழ். டிராவல்ஸ்காரர் தூரத்தைப் பார்த்துப் போட்டிருக்கிறார், உயரத்தைப் பார்க்கவே இல்லை.

மணாலி 2,050 மீட்டர். சந்திரதால் 4,250 பக்கம். ஒரே பகலில் 2,200 மீட்டர் ஏறி, அங்கேயே ராத்திரி படுக்கச் சொல்கிறார். நம்ம தொட்டபெட்டாவே 2,637தான் என்பதை வைத்துக் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். நான் முதல் தடவை போனபோது இதே தப்பைத்தான் செய்தேன். ஏரியைப் பார்த்தபோது எல்லாருக்கும் ஒரே கும்மாளம், ராத்திரி பத்து மணிக்குக் கூட வந்த நண்பனுக்குத் தலைவலி மண்டையைப் பிளக்க ஆரம்பித்தது, அப்புறம் வாந்தி, விடியும்வரை டென்ட்டில் உட்கார்ந்தே இருந்தோம், அந்த நேரத்தில் கீழே இறக்கிக்கொண்டு போக நல்ல ரோடும் இல்லை, போனில் சிக்னலும் இல்லை. அவனுக்கு அப்போது வயது 29, ஜிம் போகிறவன். உடம்பு வாகுக்கும், உயரத்தில் காற்று குறைவதால் வருகிற இந்தக் கோளாறுக்கும் சம்பந்தம் இல்லை.

சிம்லா பக்கமாக ஏறினால் மலையே உங்களைப் பழக்கிவிடும். முதல் நாள் சண்டிகரிலிருந்து நார்கண்டா, 2,700 மீட்டர். இரண்டாம் நாள் கல்பா, 3,000க்குக் கொஞ்சம் கீழே. அங்கே விடிகாலையில் எழுந்து அறை வாசலிலேயே நாற்காலி போட்டுக்கொண்டு எதிரே கின்னர் கைலாஷ் சிகரத்தில் வெயில் இறங்குவதைப் பாருங்கள், அப்பாவுக்கு அது ஒன்றே போதும். செப்டம்பர் கடைசி என்றால் கின்னௌர் ஆப்பிள் பறிக்கிற காலம், ரோடு ஓரமெல்லாம் பெட்டி பெட்டியாக அடுக்கியிருக்கும். மூன்றாம் நாள் நாகோவில் மதியச் சாப்பாடு, தாபோவில் தங்கல், 3,280. நாலாம் நாள் காசா, 3,700 பக்கம். அதன் பிறகு பகலில் 4,500 வரை ஏறினாலும் ராத்திரி காசாவுக்கே இறங்கிவிடுகிறீர்கள். பகலில் கொஞ்சம் ஏறி இறங்கலாம், ராத்திரி படுப்பது எந்த உயரத்தில் என்பதுதான் முக்கியமான விஷயம்.

மூன்றாம் நாள் பயணத்தில் தூங்கிவிடாதீர்கள். காப் என்ற இடத்தில் ஸ்பிதி ஆறு சட்லெஜில் கலக்கிறது, அதைத் தாண்டினால் மரம், பச்சை எல்லாம் மாயமாகிவிடும், வேறு உலகம்.

சுவரோவியப்_பிரியை:

தாபோவுக்கு அரை மணி நேரமா! சிச்சம் பாலத்தை வேண்டுமானால் விட்டுவிடுங்கள், தாபோவை விடாதீர்கள்.

வெளியிலிருந்து பார்த்தால் ஏமாற்றமாகத்தான் இருக்கும். கீ மடம் மாதிரி குன்றின் மேல் அடுக்கடுக்காக நிற்காது, ஊர் நடுவில் மண் குதிர் போல நாலைந்து கட்டடம், அவ்வளவுதான். பலர் காரிலிருந்து இறங்கி ஒரு செல்ஃபி எடுத்துவிட்டுப் போய்விடுகிறார்கள். உள்ளே போங்கள். 996இல் கட்டியது. மேற்கு திபெத்தின் குகே அரசர் யேஷே ஓ எழுப்பினார், 46 வருடம் கழித்து அவருடைய வம்சத்து ஜங்சுப் ஓ புதுப்பித்தார் என்று உள்ளே இருக்கிற கல்வெட்டுப் போன்ற சுவர் எழுத்தே சொல்கிறது. இங்கே தஞ்சாவூரில் ராஜராஜன் ஆண்டுகொண்டிருந்த காலம் அது. பெரிய கோயில் முடிவதற்கு முன்பே அங்கே அந்தக் குளிரில் ஒரு கூட்டம் உட்கார்ந்து சுவரில் வரைய ஆரம்பித்திருக்கிறது.

முதன்மைக் கூடத்தில் நாலு சுவரிலும், ஆள் உயரத்துக்கு மேலே, முப்பதுக்கும் மேற்பட்ட சுதைச் சிற்பங்கள் சுவரிலிருந்து புடைத்து நிற்கும், அந்தரத்தில் உட்கார்ந்திருப்பது போல. நடுவில் நாலு பக்கமும் பார்க்கிற வைரோசன புத்தர். நீங்கள் நிற்பதே ஒரு மண்டலத்துக்குள்தான், அதாவது பௌத்தர்கள் தெய்வங்களை அடுக்கி வரைகிற சக்கரத்துக்குள். போட்டோவுக்கு அனுமதி கிடையாது, அதுவும் நல்லதுக்குத்தான், கண்ணால் பார்க்கலாம். ஓவியம் கெடக்கூடாது என்று உள்ளே வெளிச்சத்தைக் குறைத்தே வைத்திருப்பார்கள், கண் பழக ஐந்து நிமிடமாவது சும்மா நில்லுங்கள். முந்தின நாள் சாயங்காலம் ஒரு தடவை, காலையில் ஒரு தடவை என்று இரண்டு முறை போனேன், இரண்டாவது தடவைதான் ஏதாவது புரிந்தது.

தங்கர் மடம் ஸ்பிதி ஆறும் 'பின்' என்ற ஆறும் சேருகிற இடத்துக்கு மேலே, விழுந்துவிடும் போல ஒரு செங்குத்து மண்பாறையில் தொற்றிக்கொண்டிருக்கும். அந்தக் காலத்தில் ஸ்பிதிக்கு அதுதான் தலைநகர். மடத்துக்கு மேலே ஏரி ஒன்று உண்டு, ஏறுவதற்கு ஒரு மணி நேரம் பிடிக்கும், அப்பாவைக் கீழேயே டீ குடிக்கவிடுங்கள்.

புல்லட்பாண்டி:

கிறுக்கன் அண்ணன் சொன்ன பாதைக்கே என் ஓட்டும். ஆனால் திரும்பும்போது அதே வழியில் வராதீர்கள், குன்சும் வழியாக மணாலிக்கு இறங்குங்கள். 4,551 மீட்டர் கணவாய், அதற்குள் உடம்பு பழகியிருக்கும். சந்திரதாலில் தங்க வேண்டாம், காசாவில் இருட்டோடு கிளம்பினால் பகலில் ஏரியைப் பார்த்துவிட்டு ராத்திரி மணாலி சேர்ந்துவிடலாம். நீளமான நாள், மறைக்க விரும்பவில்லை. வழியில் பாத்தால், கிராம்பு என்ற இரண்டு இடங்களுக்கும் நடுவே ரோடு என்பதே பேருக்குத்தான், கல்லும் ஓடைத் தண்ணீரும், கார் சைக்கிள் வேகத்தில்தான் போகும். அடல் சுரங்கம் (2020இல் திறந்த அந்த 9 கிலோமீட்டர்) வந்தபிறகு ரோத்தங் கணவாய் ஏற வேண்டாம், அதற்கான பெர்மிட்டும் வேண்டாம், அது ஒரு நிம்மதி.

ஒரு எச்சரிக்கை. 2018 செப்டம்பர் இதே கடைசி வாரத்தில் லாஹௌல்-ஸ்பிதியில் திடீர்ப் பனி கொட்டி நூற்றுக்கணக்கானவர்கள் மாட்டிக்கொண்டார்கள். காசாவில் கிளம்புவதற்கு முந்தின நாள் அங்கே இருக்கிற டிரைவர்களிடம் கேளுங்கள். கணவாய் சந்தேகம் என்று சொன்னால் வாதாடாமல் கின்னௌர் வழியே திரும்பிவிடுங்கள். அதற்காக ஒரு நாள் கையில் வைத்துக்கொள்ளுங்கள், சண்டிகர் விமானத்தை ஒன்பதாம் நாள் மதியத்துக்குப் போடாதீர்கள்.

கையில் ரொக்கம் வேண்டும். பெட்ரோல் காசாவில் போடலாம். சாப்பாடு ராஜ்மா சாதம், துக்பா (திபெத்திய நூடுல்ஸ் சூப்), மறுபடியும் ராஜ்மா சாதம். ஊறுகாய் கொண்டுபோங்கள்.

கோவை_வழிப்போக்கன்:

எல்லாருக்கும் நன்றி, டிராவல்ஸ்காரரிடம் திசையை மாற்றச் சொல்லிவிட்டேன், முணுமுணுத்துக்கொண்டே ஒத்துக்கொண்டார். இன்னும் மூன்று சந்தேகம். மலை உயரத்துக்குப் போடுகிற டயமாக்ஸ் மாத்திரையை அப்பாவுக்குக் கொடுக்கலாமா? பையன் லாங்சாவில் ஃபாசில் (புதைபடிவம்) வாங்க வேண்டும் என்று குதிக்கிறான். அப்புறம் ஹிக்கிம் தபால் நிலையம் நிஜமாகவே போகத்தக்கதா, இல்லை ரீல்ஸுக்கு மட்டும்தானா?

மலைக்கிறுக்கன்:

மாத்திரையை இங்கே கேட்காதீர்கள், பிபி மருந்து எழுதிக்கொடுத்த டாக்டரிடமே கேளுங்கள். தலைவலி, வாந்தி, நடையில் தள்ளாட்டம் என்று எது வந்தாலும் மேலே போகக் கூடாது, இறங்க வேண்டும். "ஒன்றுமில்லை, பித்தம்" என்று அப்பா சொல்வார், நம்பாதீர்கள். என் அப்பாவும் சொன்னார்.

ஃபாசில் பார்க்கலாம், வாங்க வேண்டாம். இமயமலை எழும்புவதற்கு முன் அந்த இடம் டெதிஸ் கடலின் அடி. நத்தைச்சுருள் மாதிரி இருக்கிற அம்மோனைட் அந்தக் கடலில் வாழ்ந்தது. 4,400 மீட்டர் உயரத்தில் கடல் உயிரின் அச்சைக் கையில் வாங்கிப் பார்த்தாலே பையனுக்குப் பாடப்புத்தகம் வேறு மாதிரி தெரியும். ஊர்க் குழந்தைகள் விற்க வருவார்கள், ஆளுக்கு ஆள் வாங்கிப் போய்த்தான் அந்தச் சரிவுகள் காலியாகின்றன.

ஹிக்கிம் 1983இலிருந்து நடக்கிற நிஜமான தபால் நிலையம், ஊர்க்காரர்களுக்கு அது ரீல்ஸ் இல்லை. லாங்சாவுக்கும் கோமிக்குக்கும் நடுவில்தான் இருக்கிறது, தனியாகப் போக வேண்டாம். இந்த மூன்றுக்கும் ஒரு நாள், கீ-கிப்பர்-சிச்சத்துக்கு ஒரு நாள் என்று பிரித்துவிடுங்கள். கார்டில் முகவரியைப் பின்கோடோடு தெளிவாக எழுதுங்கள். நான் போட்டது நான் வீடு வந்து மூன்று வாரம் கழித்து வந்தது, பாதி அழிந்து.

சுவரோவியப்_பிரியை:

நன்றியெல்லாம் இருக்கட்டும். தாபோவில் எத்தனை மணி நேரம் போட்டிருக்கிறீர்கள்?

கோவை_வழிப்போக்கன்:

சாயங்காலம் ஒன்று, காலையில் ஒன்று. கோயில் என்று சொன்னதும் அப்பா மூன்றாவது ஒன்றும் கேட்கிறார்.