கடைக் கொம்பியூட்டருக்கு ஒரு நல்ல கை வேணும்

வணக்கம் உறவுகளே. திருகோணமலை உப்புவெளியில் சின்னதாக ஒரு போட்டோக்கொப்பி கடை வைத்திருக்கிறேன். போன கிழமை கரண்ட் போய் வந்ததிலிருந்து கொம்பியூட்டரின் ஹார்ட் டிஸ்க்கில் டக் டக் என்று சத்தம். இரண்டு நாளாக விண்டோஸ் திறக்கவே இல்லை. காட்டிய இடத்தில் உடனே ஃபோர்மட் அடிக்கலாம் என்றார்கள். பயந்து தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். நாலு வருடக் கடன் கணக்கு அதற்குள்தான் இருக்கிறது, பிரதி எடுத்து வைக்கவில்லை (ஏசாதீர்கள், வீட்டில் ஏற்கனவே ஏசியாச்சு).

முதலில் ஃபைல்களை மீட்டு, அப்புறம் பழைய ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலாக எஸ்எஸ்டி (சுழலும் தட்டு இல்லாத, வேகமான டிஸ்க்) போட்டுத் தரக்கூடியவர் டவுன் பக்கம் யாராவது இருக்கிறார்களா? கடைக்கே வந்து பார்த்தால் நல்லது. இன்னொன்று, இதில் இருப்பது இன்டெலின் நாலாம் தலைமுறை ஐ3 புரொசசர், பழசு. விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 ஒக்டோபரோடு முடிந்தது, 11ஐ இது முறைப்படி ஏற்காது. விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் (இலவச இயங்குதளம்) போட்டால், பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் அடித்த பழைய கடிதங்கள் ஒழுங்காகத் திறக்குமா? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.