10 இன்ச் ரெக்கார்டு வளைஞ்சு போச்சு, நிமித்த வழி இருக்கா?

கார்டிஃப்ல இருக்கேன். கார்கீஸ் ஸைகாட்டிக் மங்கிங்கற வேல்ஸ் பேண்டோட 'பாட்டியோ' ஆல்பம், 1992ல ஆங்க்ஸ்ட் போட்ட அந்த 10 இன்ச் வினைல், போன மாசம் செகண்ட் ஹேண்ட்ல வாங்கினேன். (ஆங்க்ஸ்ட் தெரியாதவங்களுக்கு: 1988ல அபரிஸ்ட்வித்ல ஆரம்பிச்ச குட்டி லேபிள், வெல்ஷ்ல பாடுற பேண்டுகளுக்கு அவங்க செஞ்சது கொஞ்ச நஞ்சமில்ல.)

பிரச்சனை ஓரத்துலதான். ஒரு பக்கம் மட்டும் அப்பளம் மாதிரி தூக்கிட்டு நிக்குது, முதல் பாட்டுல ஒவ்வொரு சுத்துக்கும் ஊசி எகிறுது, உள்ள போகப் போக சரியாயிடுது. பிளேயர் டெக்னிக்ஸ் எஸ்எல்-1200 எம்கே2, மத்த ரெக்கார்டெல்லாம் நல்லாவே ஓடுது.

கழுவிப் பார்த்தாச்சு, ஊசி வெயிட்டை 2 கிராம்ல இருந்து 2.5 வரை ஏத்தியாச்சு, நடுவுல கிளாம்ப் போட்டாச்சு, ரெண்டு கண்ணாடிக்கு நடுவுல வச்சு மேல புக்கு அடுக்கி வாரக்கணக்கா விட்டாச்சு, ஒண்ணும் அசையல. சூடாக்க ஓவன்ல வைக்கச் சொல்றாங்க, அந்த விஷப்பரீட்சைக்கு நான் வரல. 1995ல வந்த சிடி இருக்கேன்னு சொல்லாதீங்க, அது என்கிட்டயே இருக்கு.

கார்டிஃப், பிரிஸ்டல் பக்கம் சூடு கன்ட்ரோல் பண்ற ரெக்கார்டு ஃபிளாட்னர் மெஷின் வச்சிருக்கிறவங்க, இல்ல காசுக்கு செஞ்சு தர்ற கடை யாருக்காவது தெரியுமா?