ரஞ்சி கிரிக்கெட் கோப்பை நமக்கு ஒன்றா, இரண்டா?

மயிலைவாசி:
"தமிழ்நாடு ரஞ்சி ஜெயித்தது 1988-இல் ஒரே தடவைதான், 1955-இல் ஜெயித்தது மெட்ராஸ்" என்று நேற்று இங்கே ஒருவர் எழுதியிருந்தார். படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. இந்தூருக்கே போய் ஹோல்கர் அணியை அவர்கள் ஊரிலேயே சாய்த்துவிட்டு வாங்கிய கோப்பை அது. யாரைக் கேட்டுக் கழித்தீர்கள்?

பெரம்பூர்_கீப்பர்:
எழுதியது நான்தான் சார். மாநிலத்துக்குத் தமிழ்நாடு என்று பெயர் வந்ததே 1969-இல். இல்லாத அணி எப்படிக் கோப்பை வாங்கும்?

மயிலைவாசி:
அப்படியானால் மும்பைக்காரர்கள் 42 கோப்பை என்று மார்தட்டுகிறார்களே, அதில் பெரும்பாலானவை பம்பாய் வாங்கியவை. கழித்துவிடுவோமா?

பெரம்பூர்_கீப்பர்:
மத்தியப் பிரதேசத்தைப் பாருங்கள். 2022-இல் ஜெயித்தபோது எல்லாரும் 'முதல் கோப்பை' என்றுதான் எழுதினார்கள். அதே மாநிலத்து இந்தூரில் இருந்த ஹோல்கர் வாங்கிய நாலும் அவர்கள் கணக்கில் ஏறவில்லை. சட்டம் எல்லாருக்கும் ஒன்றுதானே?

மயிலைவாசி:
ஹோல்கர் சமஸ்தானத்து அணி. அந்த அணியே கலைந்துபோனது. மெட்ராஸ் கலைந்ததா? அதே சங்கம், அதே சேப்பாக்கம். என் வீட்டு வாசலில் பழைய எண், புதிய எண் இரண்டும் எழுதியிருக்கிறது. அதற்காக இரண்டு வீடு ஆகிவிடுமா? ரஞ்சியின் முதல் ஆட்டமே 1934 நவம்பர் 4 அன்று சேப்பாக்கத்தில்தான் நடந்தது. நம் ராம்சிங் 11 விக்கெட் எடுக்க, மைசூரை ஒரே நாளில் முடித்துவிட்டோம்.

பெரம்பூர்_கீப்பர்:
முடித்தோம் இல்லை சார். மெட்ராஸ் முடித்தது.

கோவைத்தம்பி:
ஒன்றோ இரண்டோ, எல்லாம் உங்கள் சென்னைக் கணக்கு. சின்னப்பம்பட்டி நடராஜன் எவ்வளவு யார்க்கர் போட்டாலும் சென்னை லீக்கில் வந்து ஆடிய பிறகுதானே கதவு திறந்தது? என் தம்பி ராத்திரி பஸ் பிடித்து செலக்‌ஷனுக்கு வந்தான். ஆறு பந்து போட்டதும் போகச் சொல்லிவிட்டார்கள். அதைப் பற்றி யாராவது பேசுங்கள்.

மயிலைவாசி:
தம்பி, அது வேறு இழையில் பேச வேண்டியது. இங்கே பேச்சு 1955.

பெரம்பூர்_கீப்பர்:
மயிலைவாசி சார் எப்போதும் இப்படித்தான். 2024 அரையிறுதியில் மும்பையில் டாஸ் ஜெயித்து பேட்டிங் எடுத்து 146-க்குச் சுருண்டோம். அந்த முடிவும் சரி என்று ஒரு வாரம் வாதாடினவர்.

மயிலைவாசி:
இப்போதும் சொல்கிறேன், சரிதான். மும்பையும் 106-க்கு 7 விக்கெட் இழந்து நின்றது. அவர்களுடைய ஷர்துல் சதம் அடித்ததற்கு டாஸ் என்ன செய்யும்? சரி, அதை விடுங்கள். 1988-இல் ரயில்வேயை ஜெயித்த அன்று சேப்பாக்கத்தில் அப்பா பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். மடியில் நாற்பது பக்க நோட்டு, பென்சில் முனையை நாக்கில் தொட்டுத் தொட்டு ஒவ்வொரு பந்தையும் எழுதுவார். நம் கேப்டன் வாசுதேவன் கோப்பையைத் தூக்கியதும் நோட்டை மூடிவிட்டு, "ரெண்டாவதுடா" என்றார். 1955-ஐ ரேடியோவில் கேட்டு வளர்ந்த மனுஷன் அவர்.

பெரம்பூர்_கீப்பர்:
உங்கள் அப்பா மேல் மரியாதை உண்டு சார். ஆனால் கோப்பை ஒன்றுதான்.

மயிலைவாசி:
இரண்டு.

கோவைத்தம்பி:
என் தம்பிக்கு யாரும் பதில் சொல்லவில்லை.