டைட்டா, லூஸா? ரம்மி ஆட்கள் நிறைந்த போக்கர் மேசை

திருவான்மியூர் டீலர்:
2025 மத்தியச் சட்டத்தோடு பணம் வைத்து ஆடும் ஆன்லைன் போக்கருக்குத் தடை வந்துவிட்டது. அதனால் வீட்டில் வெறும் சிப்ஸ் வைத்து ஆடும் ஹோல்டெம் (ஆளுக்கு ரெண்டு சீட்டு, நடுவில் ஐந்து பொதுச்சீட்டு) பற்றி மட்டும் பேசுவோம். ஒன்பது பேர், பெரும்பாலும் ரம்மி ஆடிப் பழகியவர்கள். சீட்டு வரும் முன்பே ரெண்டு பேர் கட்டாயமாக வைக்கும் பிளைண்ட் 50/100, ஆளுக்கு 10,000 சிப்ஸ். இந்த மேசைக்கு டைட் அக்ரெசிவ்தான் சரி. நூறு கைக்கு 15, மிஞ்சினால் 20 ஆடுங்கள். உள்ளே வந்தால் ரெய்ஸோடு (பந்தயத்தை ஏற்றி) வாருங்கள். பாயிண்ட் ரம்மியில் முதலிலேயே ஸ்கூட் விட்டாலும் (ஆடாமல் விலகினாலும்) 20 பாயிண்ட் போகும். போக்கரில் பிளைண்டில் இல்லாதவர் சீட்டைப் போட்டால் (ஃபோல்டு, அதாவது ஆடாமல் விலகினால்) ஒரு சிப்கூடப் போகாது. அப்புறம் ஏன் ஜாக்கி-நாலு, ரெண்டும் ஆட்டின் (ஹார்ட்) என்று உள்ளே வரவேண்டும்? ஃப்ளாப்பிலேயே (முதல் மூன்று பொதுச்சீட்டிலேயே) ஃப்ளஷ், அதாவது ஐந்தும் ஒரே வகையாக அமைவது சுமார் 118 தடவைக்கு ஒன்று.

பெரம்பூர் பட்டன்:
அண்ணே, கணக்கு சரி, முடிவுதான் தப்பு. ஏஸ் ஜோடி 221 கைக்கு ஒருமுறை வரும். கையால சீட்டு போடுற மேசையில மணிக்கு 30 கை ஓடினாலே பெருசு. அப்ப சராசரியா ஏழு மணி நேரத்துக்கு மேல ஆகும். அதுவரை சீட்டைப் போட்டுக்கிட்டே இருந்தவர் திடீர்னு ரெய்ஸ் பண்ணா எல்லாரும் ஒதுங்கிடுவாங்க, கிடைக்கிறது பிளைண்ட் 150தான். என் ஓட்டு லூஸ் அக்ரெசிவுக்குத்தான், அதாவது நிறைய கை ஆடி ரெய்ஸ் பண்றது. அதுக்காக குப்பைய ஆடுறது இல்ல. பிளைண்டுக்கு அடுத்து முதல்ல பேசுற இடத்துல நூறுக்கு 15 கை, பட்டன்ல 40, 45. ஃப்ளாப்புக்கு அப்புறம் கடைசியா பேசுற இடம் அது. மத்தவங்க செக் பண்றாங்களா (எதுவும் வைக்காம விடுறாங்களா), பெட் வைக்கிறாங்களான்னு பாத்துட்டு முடிவெடுக்கலாம்.

திருவான்மியூர் டீலர்:
பட்டனில் 250க்கு ரெய்ஸ் செய்கிறீர்கள். 150ஐப் பிடிக்க 250 வைக்கிறீர்கள் என்று அர்த்தம். அந்த ரெய்ஸ் அப்போதே லாபமாக, எட்டுக்கு ஐந்து தடவைக்கு மேல் ரெண்டு பிளைண்டும் ஃபோல்டு ஆகவேண்டும். சீட்டைப் பார்க்கும் ஆசையில் கால் பண்ணுகிறவர்கள் (அதே அளவு சிப்ஸ் வைத்துத் தொடர்பவர்கள்) எப்படி ஃபோல்டு ஆவார்கள்? ரிவரில் (கடைசிப் பொதுச்சீட்டில்), பாட்டில் (நடுவில் சேர்ந்த சிப்ஸில்) பாதி அளவு வைத்து பிளஃப் செய்தால் (மோசமான சீட்டோடு மிரட்டினால்), மூன்றில் ஒன்று ஃபோல்டு ஆனாலே நஷ்டமில்லை. இவர்களிடம் அதுவும் கிடைக்காது.

மாம்பலம் ரம்மி:
ரெண்டு பேரும் எதிராளியை ஒரே அச்சாக நினைத்துப் பேசுகிறீர்கள். ஆன்லைனில் ஒருவர் நூறுக்கு எத்தனை கை ஆடுகிறார் என்று மென்பொருள் காட்டியது, இங்கே கண்தான். முப்பது கை பார்த்து எண்ணிக்கையை நம்பாதீர்கள். நூறுக்கு 20 ஆடுகிறவர் முப்பதில் மூன்றும் ஆடலாம், ஒன்பதும் ஆடலாம், சீட்டு அப்படி வரும். ஷோடவுனை (கடைசியில் சீட்டைத் திறந்து காட்டும் கட்டத்தை) கவனியுங்கள். முதல் இடத்திலிருந்து வந்தவர் அந்த ஜாக்கி-நாலைத் திறந்து காட்டினால் ஒரே கையில் தெரிந்துவிடும், அவர் லூஸ். ரெய்ஸ் செய்யாமல் கால் மட்டுமே பண்ணி அங்கே வந்திருந்தால் லூஸ் பாசிவ். இந்த ஆளிடம் பிளஃபை அறவே விடுங்கள். நல்ல ஜோடி அமைந்தால் பெட்டைப் பெரிதாக வையுங்கள். பாட் 600 என்றால் ஃப்ளாப்பில் 400, கால் வந்தால் டர்னில் (நான்காம் பொதுச்சீட்டில்) 900, ரிவரில் 2,000. பலர் டர்னில் பயந்து செக் செய்வதில்தான் நஷ்டம். பாசிவ் ஆள் திடீரென்று ரெய்ஸ் செய்தால் மட்டும் உங்கள் ஒற்றை ஜோடியைப் போட்டுவிடுங்கள்.

பெரம்பூர் பட்டன்:
அதை ஒத்துக்கறேன் சார். பிளைண்ட்ல லூஸ் பாசிவ் ஆள் இருந்தா என் 45ஐ 30க்கு இறக்குவேன். ஆனா அதுல ஏஸ்-ஒன்பது, கிங்-பத்து இருக்கும். டீலர் அண்ணன் நூறுக்கு 20ன்னு நின்னா அதுல பாதியை விட்டுடுவாரு. மோசமான சீட்டோட கால் பண்ற ஆள்கிட்ட அந்தக் கைகள்தான் காசு.

திருவான்மியூர் டீலர்:
கிங்-பத்து பட்டனில் சரி, ஒப்புக்கொள்கிறேன். முதல் இடத்தில் அதையே எடுத்தால், பின்னால் இன்னும் எட்டுப் பேர் பேச இருக்கிறார்கள். அங்கே நான் போட்டுவிடுவேன்.