நமக்கென்று படிப்பது, நமக்கென்று நிரல் எழுதுவது: உங்கள் வீட்டில் எப்படி?

பொன்மலை வாசகி:

பிள்ளைகளுக்கு என்ன புத்தகம் வாங்கிக் கொடுப்பது, எந்த வயதில் கோடிங் வகுப்பில் சேர்ப்பது என்று நாம் நிறையப் பேசியாயிற்று. அம்மா அப்பா தங்களுக்கென்று என்ன படிக்கிறார்கள், எதை நோண்டிக்கொண்டிருக்கிறார்கள் என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. சரி, நானே ஆரம்பிக்கிறேன்.

என் படிப்புக்கு ஒழுங்கு கிடையாது. யாப்பிலக்கணம், எறும்புகள், நாகப்பட்டினத்தில் இருந்த ரயில் பணிமனை 1920-களில் எங்கள் திருச்சிப் பொன்மலைக்கு வந்த கதை, நடுவில் ஒரு கொலைக்கதை. குக்கர் விசில் வருவதற்குள் ஒன்றிரண்டு பக்கம், பெரியவனின் டியூஷன் வாசலில் இன்னும் கொஞ்சம். இப்படிக் கலந்துகட்டிப் படித்தால் எதுவும் மனதில் நிற்காது என்பார் என் மாமியார். நிற்கிறதோ இல்லையோ, கேள்விகள் கிளம்புகின்றன. அவற்றில் சிலவற்றுக்குத்தான் நிரல் எழுதுகிறேன். கம்ப்யூட்டர் படித்தவள் இல்லை, பி.காம். தெரிந்தது பைத்தான் என்ற நிரல்மொழி மட்டும், அதுவும் தேவைப்படுகிற அளவுக்கு.

முதலில் எழுதியது வீட்டுப் புத்தகங்களின் பட்டியல். அகர வரிசையில் அடுக்கச் சொன்னால் 'கனவு' என்று தொடங்கும் தலைப்பு 'கப்பலு'க்கு முன்னால் வந்து நின்றது. எழுத்துகளைக் கணினி எண்களாக வைக்கும் யூனிகோடில் ந-வை அடுத்து ன, ர-வை அடுத்து ற என்று எண்கள் கொடுத்திருக்கிறார்கள். புள்ளிக்கு உயிர்க்குறிகளைத் தாண்டிய எண் என்பதால் 'கல்' போய் 'கலை'க்குப் பின்னால் உட்காரும். நம் வரிசையை ஒரு பட்டியலாக நாமே எழுதிக் கொடுத்தால்தான் ஒழுங்காக அடுக்கும். அது ஒரு மாலை வேலை.

நிஜமாகவே என்னைப் பிடித்துக்கொண்டது குறள். அடியில் உள்ள சீர்களை அசை என்கிற ஓசைத் துண்டுகளாகப் பிரித்து, ஒரு சீரோடு அடுத்த சீர் சேரும் தளை வெண்பாவுக்குச் சரியாக இருக்கிறதா என்று பார்க்கும் நிரல் எழுத ஆசை. இலக்கணத்தில் இதைவிடத் தெளிவான விதி வேறு எது? நேர், நிரை என்று அசை இரண்டு வகை; ஈரசைச் சீர் நேரில் முடிந்தால் மா, நிரையில் முடிந்தால் விளம், மூவசைச் சீர் நேரில் முடிந்தால் காய். மாவுக்குப் பின் நிரை, விளத்துக்குப் பின் நேர், காய்க்குப் பின் நேர். ஆனால் கணினிக்கு நம் எழுத்தே தெரியாது. 'தமிழ்' எத்தனை எழுத்து என்று பைத்தானைக் கேட்டால் 5 என்கிறது. இகரக் குறியும் புள்ளியும் அதற்குத் தனித்தனி. திருப்பி எழுதச் சொன்னால் முன்னால் ஒரு அநாதைப் புள்ளி, அப்புறம் 'ழிமத'. ஆகவே குறியையும் புள்ளியையும் முந்தைய மெய்யோடு ஒட்டி எழுத்தாக்குவது முதல் படி. குறில், நெடில், ஒற்று என்று அடையாளம் வைப்பது அடுத்தது. குறிலை அடுத்து ஒற்று வராமல் இன்னொரு எழுத்து வந்தால் இரண்டும் சேர்ந்து நிரை, இல்லையென்றால் நேர். இதுவரை சுலபம்.

முதல் குறளைக் கொடுத்தேன். எட்டுச் சீர் என்றது! நான் எடுத்த பிரதி பதம் பிரித்தது, அதில் 'எழுத்து எல்லாம்' என்று இருந்தது. வள்ளுவர் பாட்டில் அது 'எழுத்தெல்லாம்', ஒரே சீர், புளிமாங்காய். புணர்ச்சியைப் பிரித்தால் படிக்க வசதிதான், வெண்பா போய்விடும். மாணவர் பதிப்புகள் குறளைப் பிரித்து அச்சிடுவதில் எனக்கு அன்றிலிருந்து ஒரு சின்னக் கோபம் உண்டு. பிறகு மதுரைத் திட்டத்தின் பாடத்துக்கு மாறினேன். 1998 பொங்கலில் தொடங்கி, சம்பளமில்லாமல் தன்னார்வலர்கள் தட்டச்சு செய்து சேர்த்த நூலகம் அது.

அடுத்த சிக்கல் 'உலகு'. பொது விதிப்படி நிரை நேர், அதாவது புளிமா. ஆனால் வெண்பாவின் ஈற்றுச் சீர் நாள், மலர், காசு, பிறப்பு என்ற வாய்பாடுகளில் ஒன்றாக முடிய வேண்டும். 'உலகு' பிறப்பு. இது நிரலுக்குப் புரிய அதற்குக் குற்றியலுகரம், அதாவது சொல்லின் கடைசியில் குறுகி ஒலிக்கும் உகரம், தெரிந்தாக வேண்டும். கு, சு, டு, து, று, பு-வில் முடிந்தால் மட்டும் போதாது, 'பசு', 'அது' போலத் தனிக்குறிலை அடுத்து வந்தால் அது முற்றியலுகரம். பள்ளியில் மார்க்குக்காக மனப்பாடம் செய்த வரி. எதற்காக அந்த நிபந்தனை என்று அப்போது நான் யோசித்ததே இல்லை.

இந்த விளையாட்டில் எனக்குக் கிடைத்த பெரிய சந்தோஷம் அளபெடை, அதாவது ஒரு எழுத்தின் ஓசையை நீட்டுவது. 'ஓஒதல் வேண்டும்' என்ற குறளில் அந்த ஒ-வை எடுத்துவிட்டு நிரலை ஓட்டிப் பாருங்கள். 'ஓதல்' தேமா, அடுத்த 'வேண்டும்' நேரில் தொடங்குகிறது, தளை தட்டுகிறது. ஒ-வைத் திரும்ப வைத்தால் 'ஓஒதல்' கூவிளம், விளத்துக்குப் பின் நேர், சரியாகிவிடுகிறது. இப்போது 'கெடுப்பதூஉம் கெட்டார்க்கு' எடுத்துக்கொள்ளுங்கள். அதை வெறும் 'கெடுப்பதும்' ஆக்கினாலும் தளை தட்டவில்லை, கருவிளத்துக்குப் பின் நேர்தான். முன்னது செய்யுளிசை அளபெடை, ஓசையை நிறைக்க வந்தது. பின்னது இன்னிசை அளபெடை, இனிமைக்காக மட்டும் வந்தது. இந்த வேறுபாட்டைப் பள்ளிப் புத்தகம் இரண்டு வரியில் சொல்லிவிட்டுப் போய்விடும். ஒரு எழுத்தை நீக்கி ஓட்டிப் பார்த்தபோது, வள்ளுவர் எங்கே தேவைக்கு நீட்டினார், எங்கே ஆசைக்கு நீட்டினார் என்று கண்ணால் பார்த்த மாதிரி இருந்தது.

என் கணவர் கேட்டார், "இதால என்ன பிரயோஜனம்?" ஒன்றுமில்லைதான். அவர் கிரிக்கெட் ஸ்கோர் பார்ப்பதில் என்ன பிரயோஜனமோ அதே.

நீங்கள் சொல்லுங்கள்.

மாகாணி:

அக்கா, உங்கள் பதிவை அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். அவரும் இந்த ரகம்தான். கல்வெட்டு, செஸ், சித்த வைத்தியம், எது கிடைத்தாலும் படிப்பார். எங்கள் தாத்தா கர்ணம் (ஊர்க் கணக்கர்) வேலை பார்த்தவர், வீட்டில் பழைய நிலப் பத்திரங்கள் கட்டுக்கட்டாக உண்டு. அவற்றில் அளவெல்லாம் மா, காணி, முந்திரி. ஓய்வுபெற்ற பிறகு அப்பா அவற்றைக் கூட்டிப் பார்க்க எக்செலில் உட்கார்ந்தார்.

மா என்றால் 1/20, வீசம் என்கிற மாகாணி 1/16, காணி 1/80, முந்திரி 1/320. நிலத்துக்கும் இதே கணக்குதான், ஒரு வேலிக்கு 20 மா. தசமத்தில் போட்டால் முந்திரி 0.003125. நீளமான எண்களாக வந்து, கூட்டியதைத் திரும்ப மா-காணியாக மாற்றுவது தலைவலி. அப்பா ஒரு காரியம் செய்தார். எல்லாவற்றையும் முந்திரியாக மாற்றிவிட்டார். காணிக்கு 4, மாவுக்கு 16, வீசத்துக்கு 20, அரைக்காலுக்கு 40, காலுக்கு 80. எல்லாம் முழு எண். கூட்டி முடித்ததும் பெரியதிலிருந்து கழித்துக்கொண்டே வந்தால் பழைய பெயர்கள் திரும்ப வந்துவிடும். இதைத் தானாகச் செய்யும் மேக்ரோ எழுத என் தம்பியிடம் கொஞ்சம் கேட்டுக்கொண்டார், யோசனை முழுக்க அவருடையது. "தாத்தா காலத்துல மனசுலயே போட்டாங்கடா" என்று வேறு சொன்னார்.

பிறகு சோழர் கல்வெட்டுகள் பற்றிய புத்தகம் ஒன்றில் கீழ்முந்திரி வந்ததும் உற்சாகம் தாங்கவில்லை. 320-ல் ஒன்றை மறுபடி 320-ஆகப் பிரித்தது, 1/1,02,400. நிலவரிக்கு அந்த அளவு நுணுக்கமாகக் கணக்கு வைத்திருக்கிறார்கள். இப்போது அட்டவணையில் கீழ்முந்திரிக்கும் ஒரு நெடுவரிசை சேர்த்துக்கொண்டிருக்கிறார். சாப்பிடக் கூப்பிட்டால் "வர்றேன்" என்று பதில் வரும், ஆள் வரமாட்டார்.

நாஞ்சில்காரன்:

எங்கள் அப்பா இயற்பியல் ஆசிரியர். மாஸ்கோ மீர் பதிப்பகத்தின் சோவியத் அறிவியல் நூல்கள் மலிவாகக் கிடைத்த காலம், அலமாரி முழுக்க அவைதான். 1984-ல் மத்திய அரசு கிளாஸ் என்ற திட்டத்தில் பள்ளிகளுக்கு பிபிசி மைக்ரோ கணினிகள் கொடுத்தது. அவர் பள்ளிக்கும் வந்தது. நினைவகம் 32 கிலோபைட், மொழி பேசிக். மாலை நேரத்தில் அதில் உட்கார்ந்து, கோணத்தை மாற்றினால் எறிந்த கல் எங்கே விழும் என்று திரையில் புள்ளி வைத்துக் காட்டுவார். 45 பாகையில்தான் அதிக தூரம் என்று பாடத்தில் சொல்வதைவிட அந்தப் புள்ளிகள் எங்களை நம்பவைத்தன. இன்றைக்கு நான் வங்கியில் வேலை செய்கிறேன், நிரல் எதுவும் எழுதுவதில்லை. படிக்கும் பழக்கம் மட்டும் ஒட்டிக்கொண்டது.

ராத்திரி வாசகி:

எனக்குக் கொஞ்சம் மாற்றுக் கருத்து. பகல் முழுக்க அலுவலகத்தில் கோடு எழுதுகிறேன். ராத்திரி பிள்ளை தூங்கியபின் கிடைக்கும் நேரத்தில் மறுபடி லேப்டாப்பைத் திறக்க மனம் வருவதில்லை, நாவல்தான். அப்புறம், இந்த அசை பிரிக்கும் நிரலை ஏஐயிடம் கேட்டால் உடனே எழுதித் தந்துவிடுமே, எதற்கு இவ்வளவு பாடு?

பொன்மலை வாசகி:

நியாயம்தாங்க, வேலையே அதுவாக இருந்தால் நானும் நாவல்தான் படிப்பேன். ஏஐ எழுதித் தரும், ஆனால் குற்றியலுகரத்தை விட்டிருக்கிறதா என்று பார்க்க எனக்குக் குற்றியலுகரம் தெரிய வேண்டுமே. பாடுபடுவதுதான் இதில் எனக்குப் பொழுதுபோக்கு.

மாகாணி, அப்பாவுக்கு என் வணக்கம் சொல்லுங்கள். நிரல் கேட்டுத் தனியே எழுதியவர்களுக்கு ஒன்று: ஆத்திசூடியில் ஓட்டுவதற்கு முன்னால் ஔகாரத்தைத் தேடிப் பாருங்கள். பலரும் அதை ஒ, ள என்று இரண்டு எழுத்தாக அடித்து வைத்திருக்கிறார்கள். கண்ணுக்கு ஒன்றுபோலத் தெரியும், ஆனால் நேரசையாக வர வேண்டிய ஔ அங்கே நிரையாகிவிடும்.