பறவை பார்க்கத் தொடங்கும் சிறுமிக்கு எதை வாங்கலாம், எங்கே கற்கலாம்?

எல்லோருக்கும் வணக்கம். கோவை சிங்காநல்லூர் பக்கம் இருக்கிறோம். ஆறாம் வகுப்பு படிக்கும் என் மகளுக்குக் குளத்துப் பறவைகள் மீது பெரிய ஆசை வந்துவிட்டது. அதை நல்லபடியாக வளர்க்க வேண்டும், உங்கள் உதவி வேண்டும்.

முதலில் பைனாகுலர். கடைக்காரர் 10x50 (பத்து மடங்கு பெரிதாகக் காட்டும், முன்கண்ணாடி 50 மி.மீ. அகலம்) நல்லது என்கிறார். அது கனமாக இருக்கும், கை நடுங்கினால் காட்சியும் ஆடும் என்பதால் 8x42 சரி என்று எனக்குப் படுகிறது. சிறு கைகளுக்கு 8x32 போதுமா? பிள்ளைகளுக்கு வாங்கியவர்கள் சொல்லுங்கள்.

பறவைகளை அடையாளம் காட்டும் மெர்லின் செயலி வைத்திருக்கிறோம். குரலை வைத்துக் குயில், செம்போத்து எல்லாம் சொல்லிவிடுகிறது. ஆனால் சேற்றோரம் நிற்கும் உள்ளான்களில்தான் திணறுகிறோம். ஒன்று ஓயாமல் பின்புறத்தை ஆட்டுகிறது, மார்பின் வெள்ளை தோள்வரை ஏறியிருக்கிறது. இன்னொன்றுக்கு முதுகெல்லாம் புள்ளி, கண்ணுக்கு மேல் வெள்ளைக் கோடு. இப்படி அடையாளம் பிரித்துச் சொல்லும், தமிழ்ப் பெயர்களோடு உள்ள படக் கையேடு ஏதாவது இருக்கிறதா? அவளுக்குத் தமிழில் படிப்பதுதான் பிடிக்கும்.

அப்புறம், பொங்கல் நாட்களில் நடக்கும் பறவைக் கணக்கெடுப்பில் அவளைச் சேர்க்க நினைக்கிறேன். பார்த்த பறவைகளைப் பதியும் இ-பேர்டு இணையதளத்தில் பட்டியல் பதிவது எப்படி என்று பொறுமையாகக் காட்டித்தர, ஞாயிறு காலையில் குளத்துக்கு வருபவர்கள் யாராவது இருந்தால் கீழே சொல்லுங்கள், நாங்களும் சேர்ந்துகொள்கிறோம்.